மண்ணுக்குப் பசி எடுத்தால்...

2021-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரு வேடிக்கையான வேலை செய்தார்கள். அவர்களில் விவசாயிகள் உண்டு, வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆளுக்கு இரண்டு புத்தம் புதிய வெள்ளைப் பருத்தி ஜட்டிகள் கொடுக்கப்பட்டன. யாரும் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், குழி தோண்டிப் புதைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! ஒரு மாதம் கழித்து ஒன்றையும், இரண்டு மாதம் கழித்து மற்றதையும் தோண்டி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார்கள்.

அனுப்பச் சொன்னவர்கள் விளையாட்டுக்காரர்கள் இல்லை. அந்நாட்டு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையமான அக்ரோஸ்கோப்பும் சூரிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய மண் ஆய்வு அது.

பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். இலை, தழை, வைக்கோல் எல்லாவற்றிலும் இருக்கும் அதே பொருள். மண்ணில் வாழும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதுதான் சாப்பாடு. சாப்பிட ஆள் இருந்தால் துணி ஓட்டை ஓட்டையாகிவிடும். நல்ல உயிர்ப்புள்ள மண்ணில் கடைசியில் இடுப்பு எலாஸ்டிக்கும் செயற்கை நூல் தையலும்தான் மிஞ்சும். ஆள் குறைந்த மண்ணில் புதைத்த துணியோ, துவைத்துக் காயப் போட்டால் மறுபடி உடுத்தலாம் போலிருக்கும்.

கேட்கச் சிரிப்பு வந்தாலும், மண் சூழலியல் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலையின் சாரம் இதுதான். மண்ணில் என்ன இருக்கிறது என்பதோடு அங்கே நிறுத்திக்கொள்வதில்லை. யார் யார் இருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் விசாரிக்கிறார்கள்.

அட்டையில் இல்லாத கேள்வி

நம் ஊர் விவசாயிகளுக்கு மண் பரிசோதனை புதிதல்ல. மத்திய அரசின் மண் வள அட்டைத் திட்டம் 2015-இல் தொடங்கியது. அந்த அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம் ஆகிய நான்கு. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்கள். அதோடு மண்ணின் கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன், கரிமச்சத்து.

எந்த உரத்தை எவ்வளவு போடலாம், எதைப் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்ள இந்த விவரங்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் மண்ணில் இருக்கும் உயிர்களைப் பற்றி நேரடியாக ஒரு வரியும் அதில் கிடையாது. கரிமச்சத்து மட்டும் ஒரு துப்புக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ரேஷன் கடையின் இருப்புப் பலகையை நினைத்துப் பார்க்கலாம். அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தெருவில் எத்தனை குடும்பங்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று அந்தப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தெருவுக்குள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மண் சூழலியல் ஆய்வுக்கூடம் செய்வது அந்த வீடு வீடான கணக்கெடுப்பைத்தான்.

குளிர்பெட்டியில் வரும் மண்

வேலை வயலில் தொடங்குகிறது. ஓர் இடத்தில் மட்டும் மண் எடுத்தால் அது அந்த ஓர் இடத்தின் கதையைத்தான் சொல்லும். மாட்டு வண்டி நின்ற இடம் ஒரு மாதிரி, மரத்தடி வேறு மாதிரி. அதனால் வயலில் வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் குழாய் போன்ற கருவியை அழுத்தி, மேல்மண்ணைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்து, ஒரு வாளியில் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்புகிறது. கடைசியாக மழை பெய்தது எப்போது, மண்ணின் வெப்பம் எவ்வளவு, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, போன பருவத்தில் என்ன பயிர், உழுதது எப்போது, என்ன மருந்து தெளித்தார்கள் என எல்லாமே குறிக்கப்படும். சுற்றுப்புறம் தெரியாமல் மண்ணை மட்டும் கொண்டுபோனால், முகவரி இல்லாத கடிதம் மாதிரி ஆகிவிடும்.

ஒரு சிறு இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைக் கலைக்காமல் அப்படியே எடுப்பதும் உண்டு. அதைக் காயவைத்து எடை போட்டால், மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும். நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி வெறும் இடைவெளி. அந்தச் சந்து பொந்துகளில்தான் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. மண்வாசிகளின் வீடும் அதுதான். டிராக்டர் திரும்பத் திரும்ப ஓடி இறுகிய இடத்தில் அந்த வீடுகள் நசுங்கிவிடும்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் மண்ணை மூன்றாகப் பிரிக்கிறார்கள். சத்துகளைப் பார்க்க வேண்டிய பங்கை நிழலில் உலர்த்துகிறார்கள். உயிர்களைப் பார்க்க வேண்டிய பங்கு, ஈரம் மாறாமல், வீட்டு ஃபிரிட்ஜில் உள்ள குளிரில், சுமார் 4 டிகிரி செல்சியஸில் காத்திருக்கும். மரபணு ஆராய்ச்சிக்கான பங்கு அதைவிடக் கடுமையான, மைனஸ் 80 டிகிரி உறைநிலைக்குப் போகும். பிறகு 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலிப்பு. சல்லடையில் நின்றால் கல். கீழே விழுந்தால் மண்.

பையைத் திறந்ததும் எழும் வாசனை எல்லோருக்கும் தெரிந்த மழை வாசனை. அந்த மணத்தில் முக்கியமான பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா இனம் அதை உண்டாக்குகிறது. எதற்காக உண்டாக்குகிறது என்பதற்கு ஒரு சுவையான பதில் 2020-இல் வெளியானது. ஸ்பிரிங்டெயில் என்ற, கடுகை விடச் சிறிய துள்ளும் பிராணிகளை அந்த வாசனை இழுக்கிறதாம். அவை வந்து பாக்டீரியாவைத் தின்றுவிட்டு, அதன் வித்துகளை உடம்பில் சுமந்துகொண்டு வேறு இடத்தில் பரப்புகின்றன. பூவுக்கும் வண்டுக்கும் உள்ள உறவு மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

கடுகுத் தண்ணீரும் மின்விளக்கும்

இந்த மண்வாசிகளை எப்படி எண்ணுவது? ஒவ்வொருவருக்கும் ஒரு தந்திரம் உண்டு.

மண்புழுவுக்குச் சமையலறைக் கடுகு. கடுகுப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, அளந்து வைத்த சதுரத்தில் ஊற்றினால், எரிச்சல் தாங்காமல் புழுக்கள் மேலே வந்துவிடும். எண்ணி, எடை போட்டு, நல்ல தண்ணீரில் அலசித் திரும்ப விட்டுவிடலாம். மண்ணைக் கொத்திப் புழுவை வெட்டவும் வேண்டியதில்லை.

ஸ்பிரிங்டெயில் போன்ற சின்னஞ்சிறு பிராணிகளுக்கு ஒரு புனல். இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லீஸ் 1905-இல் இந்த முறையைக் கொண்டுவந்தார். புனலின் மேல் வலை, வலையின் மேல் மண், சூடு மேலிருந்து. மண் மேலிருந்து காயக் காய, ஈரம் தேடும் பிராணிகள் கீழே கீழே இறங்கி, கடைசியில் புனலின் காம்பு வழியாக அடியில் இருக்கும் சாராயக் குப்பியில் விழும். பெர்லீஸ் வெந்நீரால் சூடேற்றினார். பிறகு சுவீடன் நாட்டு ஆல்பர்ட் துல்கிரன் அந்த இடத்தில் மின்விளக்கை வைத்தார். நூறு ஆண்டு கழிந்தும் பல ஆய்வுக்கூடங்களில் இந்தப் புனல் வரிசைகள்தான் இன்னும் வேலை செய்கின்றன.

நூற்புழுக்களுக்கு வேறு புனல், அதில் தண்ணீர். ஈர மண்ணைத் துணியில் கட்டித் தண்ணீரில் தொட்டபடி வைத்தால், அவை நெளிந்து வெளியே வந்து அடியில் சேரும். ஜாவா தீவில் வேலை பார்த்த பேர்மான் என்ற மருத்துவர் 1917-இல், மண்ணில் இருக்கும் கொக்கிப் புழுக் குஞ்சுகளைப் பிடிக்கக் கண்டுபிடித்த வழி அது. இன்று சூழலியலாளர்கள் அந்தப் புழுக்களின் வாயை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஊசி போன்ற வாய் இருந்தால் வேரையோ பூஞ்சையையோ குத்திக் குடிப்பது. குழாய் போன்ற வாய் என்றால் பாக்டீரியாவை உறிஞ்சுவது. பல் இருந்தால் மற்ற புழுக்களைத் தின்பது. எந்த வாய் எத்தனை என்று எண்ணினாலே அந்த மண்ணில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாக்களின் கதைதான் சிக்கலானது. ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் உணவு வைத்து வளர்த்துப் பார்த்தால், நூற்றில் ஒன்று முளைப்பதே அபூர்வம். மற்றவற்றுக்கு அந்தச் சாப்பாடு பிடிப்பதில்லை. அதனால் இப்போது மண்ணிலிருந்தே நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து வாசிக்கிறார்கள். ஆளைப் பார்க்காமல் கைரேகையைப் பார்த்து யார் வந்து போனார்கள் என்று சொல்வது போல.

அந்த முளைத்த ஒரு பங்கே மனிதனுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-இல், அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் மண் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் வளர்த்த மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது.

மண் விடும் மூச்சு

யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. தூங்குகிறார்களா, வேலை பார்க்கிறார்களா? அதை அறிய மண்ணின் மூச்சைப் பிடிக்கிறார்கள்.

ஊறுகாய் ஜாடி போன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மண்ணைப் போட்டு, உள்ளே ஒரு சிறு குப்பியில் காஸ்டிக் சோடாக் கரைசலை வைத்து, காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். மண்ணில் இருக்கும் உயிர்கள் நம்மைப் போலவே மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றும். கரைசல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்துக் கரைசலைச் சோதித்தால், எவ்வளவு மூச்சு வந்தது என்று தெரிந்துவிடும். வசதியுள்ள இடங்களில் இதைக் கருவியே நேரடியாக அளந்துவிடும்.

இந்த ஜாடியை வைத்துக்கொண்டு சூழலை மாற்றி மாற்றிக் கேள்வி கேட்கலாம். வெப்பத்தை 10 டிகிரி கூட்டினால் பல மண்களில் மூச்சு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. காய்ந்து கிடந்த மண்ணில் தண்ணீர் விட்டால், மூச்சு திடீரென்று எகிறி, சில நாளில் அடங்குகிறது. கென்யாவில் ஆராய்ச்சி செய்த பிர்ச் என்பவர் 1950-களில் இதை விரிவாக விளக்கியதால், இதற்கு அவர் பெயரே வந்துவிட்டது. கோடைக்குப் பிறகு முதல் மழை விழும்போது வயலில் நடப்பதும் இதுதான். காய்ச்சலில் மாண்ட நுண்ணுயிர்களின் மிச்சத்தைப் பிழைத்தவை அவசர அவசரமாகத் தின்கின்றன.

மூச்சை வைத்து ஆள் கணக்கும் எடுக்கலாம். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் ஜென்கின்சனும் டேவிட் பவுல்சனும் 1976-இல் சொன்ன வழி கொஞ்சம் கொடூரமானது. மண்ணுக்கு குளோரோஃபார்ம் புகை காட்டி, உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுவது. புகையை நீக்கிவிட்டு, துளி நல்ல மண்ணைச் சேர்த்தால், புதிதாக வந்தவை செத்தவற்றின் உடல்களைத் தின்று மூச்சுவிடும். அந்தக் கூடுதல் மூச்சை அளந்தால், முன்பு எவ்வளவு உயிர் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கு ஒரு பண்ணையோடு முடிவதில்லை. உலகின் மண்ணில் தங்கியிருக்கும் கரிமம், காற்றில் இருப்பதையும் எல்லாச் செடிகொடிகளில் இருப்பதையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம். பூமி சூடாகும்போது மண் எவ்வளவு வேகமாக மூச்சுவிடும் என்ற கேள்வி அதனால்தான் இத்தனை ஆய்வுக்கூடங்களில் இரவும் பகலும் கேட்கப்படுகிறது.

டீ பேக் ஆராய்ச்சி

ஜாடிக்குள் நடப்பது வேறு. வெயிலிலும் மழையிலும் வயலில் நடப்பது வேறு. வயலிலேயே மண்ணின் ஜீரண சக்தியைப் பார்க்க, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் சக ஆய்வாளர்களும் 2013-இல் ஒரு மலிவான வழியை வெளியிட்டார்கள். கடையில் கிடைக்கும் டீ பேக்!

ஒன்று பச்சைத் தேயிலை. மற்றொன்று ரூய்போஸ் எனப்படும் தென்னாப்பிரிக்கச் செடியின் சிவப்புத் தேநீர். இரண்டையும் எடை போட்டு, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்து எடுத்து, காயவைத்துத் திரும்ப எடை போட வேண்டும். பச்சைத் தேயிலை, இட்லி மாதிரி சீக்கிரம் செரித்துவிடும். ரூய்போஸ் கட்டை போன்றது, மெதுவாகத்தான் செரிக்கும். இரண்டிலும் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், அந்த மண் எவ்வளவு வேகமாகத் தின்கிறது, எவ்வளவைப் பிற்காலத்துக்குச் சேமித்து வைக்கிறது என்று கணக்கிடலாம். பை மட்டும் நைலான் வலையாக இருக்க வேண்டும். காகிதப் பை என்றால் மண் அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய ஆராய்ச்சி இது. ஒரே மாதிரித் தேநீரைப் பல நாடுகளில் புதைத்ததால், பனிப் பிரதேசத்து மண்ணையும் வெப்ப மண்டலத்து மண்ணையும் ஒரே அளவுகோலால் பார்க்க முடிந்தது.

இதற்கு அண்ணன் முறையான சோதனை ஒன்று உண்டு. ஒரே மாதிரி இலைத் துண்டுகளை வெவ்வேறு கண் அளவுள்ள வலைப் பைகளில் போட்டுப் புதைப்பது. பெரிய கண் என்றால் மண்புழு நுழையும். சின்னக் கண் என்றால் சிறு பிராணிகள் மட்டும். மிக நுண்ணிய கண் என்றால் நுண்ணுயிர்களைத் தவிர வேறு யாரும் போக முடியாது. 1960-களில் ராத்தம்ஸ்டெட்டில் இப்படிச் செய்து பார்த்தபோது, நுண்ணுயிர்கள் மட்டும் போன பையில் இலைகள் மாதக்கணக்கில் உருக்குலையாமல் கிடந்தன. மண்புழு கடித்துக் குதறிப் போட்டால்தான் பாக்டீரியாவுக்கு வேலை ஓடுகிறது. அரைத்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அடுப்பில் ஏற்ற ஆள் இருந்து என்ன பயன்?

அரை நூற்றாண்டுப் பட்டினி

மண்ணைப் படிக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் விட அதிகம் தேவைப்படும் கருவி பொறுமை. சார்லஸ் டார்வின் 1842-இல் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டு காத்திருந்தார். 1871-இல் பள்ளம் தோண்டிப் பார்த்தபோது, அந்த வெள்ளைக் கோடு 7 அங்குல ஆழத்தில் இருந்தது. யாரும் புதைக்கவில்லை. மண்புழுக்கள் கீழேயிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளித் தள்ளியே அதை மூடியிருந்தன. அவர் மண்புழுக்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1881-இல் வந்தது. அதுவே அவருடைய கடைசிப் புத்தகம்.

டார்வினுக்கும் மேலே காத்திருக்கும் இடம் ராத்தம்ஸ்டெட். அங்கே 1843-இல் கோதுமை விதைத்துத் தொடங்கிய சோதனை இன்றுவரை தொடர்கிறது. ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒரு பாத்திக்கு ரசாயன உரம், ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. எடுத்த மண்ணையும் தானியத்தையும் குப்பிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அங்கே அலமாரிகளில் இருக்கின்றன.

அங்கேயே ஹைஃபீல்ட் என்ற வயலில் நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். அது ஒரு காலத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாகப் புல்வெளியாக இருந்த நிலம். 1959 முதல் அதில் ஒரு பகுதியைப் பட்டினி போட்டார்கள். ஒரு புல்லையும் முளைக்கவிடவில்லை. முளைக்க முளைக்க உழுது அழித்தார்கள். வேர் இல்லை, சருகு இல்லை, எரு இல்லை. மண்ணுக்குச் சாப்பாடே இல்லை. இப்படியே ஐம்பது ஆண்டு.

மண்ணில் இருந்த கரிமச்சத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. சிறு பிராணிகள் அருகிப் போயின. நுண்ணுயிர்களின் எண்ணிக்கையும் பக்கத்துப் புல்வெளியை விட வெகுவாகக் குறைந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது டிஎன்ஏவை வாசித்தபோது தெரிந்தது. 2009-இல் வெளியான அந்த முடிவின்படி, பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, வகைகள் குறையவில்லை. அரை நூற்றாண்டுப் பட்டினிக்குப் பிறகும் பாக்டீரியா இனங்களின் பன்மை புல்வெளியில் இருந்ததைப் போலவே இருந்தது. ஊரே காலியானது போல் தோன்றினாலும், வீட்டுக்கு ஒருவராவது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் சாப்பாடு போட்டால் எழுந்து வருவார்களா? 2008-இல் அந்தப் பட்டினி நிலத்தின் ஒரு பகுதியில் புல் விதைத்தார்கள். இன்னொரு பகுதியில் பயிர் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே சிறு பிராணிகள் திரும்பின. நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பு பழையபடி மாறத் தொடங்கியது. கரிமச்சத்து மட்டும் மெல்ல மெல்லத்தான் ஏறியது. அம்பது வருஷம் செலவழித்த சேமிப்பை அஞ்சு வருஷச் சம்பளத்தில் மீட்க முடியாது அல்லவா?

இந்த வயலில் இருந்து இரண்டு செய்தி கிடைக்கிறது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘செத்த மண்’ என்று கைவிடப்படும் பல நிலங்கள் உண்மையில் பசியில் கிடக்கலாம், சாப்பாடு போட்டால் உயிர் திரும்பும் வாய்ப்பு உண்டு. அதே நேரம், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கரிமத்தை இழந்துவிட்டால் அதை ஒரு பருவத்தில் மூட்டை வாங்கிப் போட்டு மீட்கவும் முடியாது.

கோவையின் பொறுமை

ராத்தம்ஸ்டெட் போலக் காத்திருக்கும் வயல் தமிழ்நாட்டிலும் உண்டு. கோயம்புத்தூரில், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், 1909-இல் நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு பாத்திக்கும் வருடா வருடம் அதே உரம், மாற்றமே இல்லை. ஒன்றுக்குத் தொழு உரம், சிலவற்றுக்கு ரசாயன உரங்கள், ஒன்றுக்கு எதுவும் கிடையாது. நூறு ஆண்டைத் தாண்டிய அந்தப் பாத்திகளில் எத்தனையோ மாணவர்கள் மண் எடுத்துப் படித்திருக்கிறார்கள்.

நம் வெயிலில் இந்தக் காத்திருப்புக்கு இன்னும் அர்த்தம் உண்டு. இங்கிலாந்துக் குளிரில் மண்வாசிகள் பாதி நாள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். இங்கே சூடும் ஈரமும் ஒன்றாகக் கிடைத்தால் வருடம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். போட்ட எரு சீக்கிரம் கரைந்துவிடும். ஆண்டுதோறும் எருவும் தழையும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான். கிடை போடுவதும், கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவதும் மண்ணுக்கு வேளாவேளைக்கு இலை போட்டுப் பரிமாறுகிற வேலைதான்.

நகரத்தில் இதற்கு நேர்மாறான காட்சி. தெருவில் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் கூட்டிக் குவித்து, காலையிலேயே நெருப்பு வைக்கிறார்கள். வீட்டுச் சமையலறையின் காய்த்தோல் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் போகிறது. அதே வீட்டின் மொட்டை மாடியில், தொட்டிச் செடி வாடுகிறது என்று கடையிலிருந்து உரப் பாக்கெட் வருகிறது.

மாடித் தொட்டியோ, வாசல் பாத்தியோ, ஊரில் இருக்கும் அரைக் காணி நிலமோ, அந்த மண்ணுக்குப் பசி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும் என்பதில்லை. சாயம் போடாத, நூறு சதம் பருத்தித் துணியில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சருகு மூடிய மரத்தடியிலும், மற்றதை வெறும் மண்ணிலும் நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வைத்தால் போதும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தோண்டும் வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

எந்தத் துணி கிழிந்து வருகிறதோ, அந்த மண் நன்றாகச் சாப்பிடுகிறது. எது அப்படியே முழுசாக வருகிறதோ, அங்கே நாளையிலிருந்து சருகைக் கொளுத்தாமல் கொண்டுபோய்ப் போடலாம்.